கை நனைக்காத வீடு

ஏப்ரல் 2, புதன்

இந்த ஊரில் யாராவது "மேடம், உங்களுக்குத் தமிழ் நல்லா வரும்லா" என்று ஆரம்பித்தால் சம்பளமில்லாத வேலை ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம். இன்று ஜோசப் ராஜரத்தினம் சார் அப்படித்தான் ஆரம்பித்தார். அவர் எங்கள் சமரச மையத்தின் ஒருங்கிணைப்பாளர். கோர்ட்டில் வருடக்கணக்காக இழுக்கும் வழக்குகளை நீதிபதி எங்களிடம் அனுப்புவார். நாங்கள் இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசி முடிக்கப் பார்ப்போம். வக்கீல் தொழிலோடு எனக்கு இது ஒரு கூடுதல் தலைவலி.

26-ஆம் தேதி புதுச் சமரசர்களுக்குப் பயிற்சி. மேலே இருந்து வந்த ஆங்கிலக் கையேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நான் தமிழில் எழுதித் தரவேண்டுமாம். டிஸ்பியூட் என்றால் என்ன, கான்ஃபிளிக்ட் என்றால் என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் என்ன, உள்ளூர் உதாரணத்தோடு. ஒரு பக்கம்தானே என்றார். ஒரு பக்கம்தான் என்றால் அவரே எழுதியிருக்கலாம்.

படித்துப் பார்த்தேன். டிஸ்பியூட் என்பது ஏதாவது ஒரு பொருளைப் பற்றியது. சுவர், வாடகை, நகை. அதை மேஜையில் எடுத்து வைக்கலாம், அளக்கலாம், பிரிக்கலாம், ஒருநாள் முடிந்துபோகும். கான்ஃபிளிக்ட் அதற்கு அடியில் கிடப்பது. எப்போது ஆரம்பித்தது என்று அதில் இருப்பவர்களே சொல்லமாட்டார்கள், மேஜைக்கும் வராது. இதற்கு உதாரணம், பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில் இரண்டு பண்ணைக்காரர்கள் வேலிக்காக அடித்துக்கொள்கிறார்கள். இங்கே வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது.

முதல் வார்த்தைக்குத் தகராறு என்று போட்டுக்கொண்டேன். இரண்டாவதற்குப் பகை என்றதும் ஜோசப் சார் முகம் சுளித்தார். பயிற்சித் தாளில் பகை என்று அச்சடித்தால் மேலிடத்தில் கேள்வி வருமாம். முரண்பாடு என்று போடச் சொன்னார். அது பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது என்றேன். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டோம்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், குருபரனுக்கு எப்போது பத்திரிகை வைக்கப் போகிறோம் என்று கேட்கிறார். மகள் ஆதிரைக்குக் கல்யாணம் வைகாசி இருபத்தைந்து. பத்திரிகையே இன்னும் அச்சிலிருந்து வரவில்லை. என் தம்பி இதோ பாளையங்கோட்டையில்தான் இருக்கிறான், பம்பாயில் இல்லை. இவருக்கு எதற்கு இந்த அவசரம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

புது வழக்கு. புது என்றால் எனக்குப் புது. கோர்ட்டுக்கு அது ஆறு வருடப் பழசு.

அண்ணன் சிதம்பரநாதன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தம்பி ஆறுமுகநயினார், பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அப்பா வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு முடுக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்து அது. அண்ணன் தன் அடுக்களை வாசலிலிருந்து முடுக்குக்குள் இரண்டு படி கட்டிவிட்டார். தம்பியின் பைக் உள்ளே போகமுடியவில்லை. இதுதான் வழக்கு. இரண்டு படி. இதற்கு மூன்று நீதிபதிகள் மாறிவிட்டார்கள், கோர்ட் அனுப்பிய கமிஷனர் ஒருவர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

படியைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டினால் பைக் போகுமா என்று கேட்டேன். இரண்டு பேரும் போகும் என்றார்கள். அப்படியென்றால் ஆறு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. சமரசர் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது.

நயினார் எல்லோருக்கும் டீ சொன்னார். அண்ணன் தன் டீயைத் தொடவில்லை. பேச்சு முடியும்போது அதில் ஆடை படிந்து கிடந்தது. வெயில் காலம், சூடாகக் குடிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கரன்ட் இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை. பக்கமும் எழுதவில்லை.

ஏப்ரல் 9, புதன்

படியைத் திருப்பிக் கட்டச் சம்மதம். செலவு பாதிப் பாதி. முடுக்கில் பூட்டு போடக்கூடாது, சாக்கடை மூடியை இரண்டு வீட்டாரும் மாற்றி மாற்றிச் சுத்தம் செய்யவேண்டும். இரண்டாவது அமர்விலேயே எல்லாம் முடிந்தது. ஜோசப் சார் என்னை ராசிக்கைக்காரி என்றார். இன்றும் டீ வந்தது. சிதம்பரநாதன் இன்றும் குடிக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் இப்படி முகத்துக்கு நேரே பாட்டிலைத் திறந்தால் வாங்கிக் கொடுத்தவனுக்கு எப்படி இருக்கும்.

பத்திரிகை வந்துவிட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் குருபரன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. யாரும் ஒரு குறை சொல்லமுடியாது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். இவர் வீட்டுச் சாஸ்தா கோயிலுக்குப் போய் முதல் பத்திரிகையைச் சாமி காலடியில் வைத்தோம். ஒதுங்க நிழல் இல்லை, மணலில் கால் வைக்க முடியவில்லை, பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. திரும்பும்போது காரில் இவர், அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு என்றார். அதைத் தபாலில் போட்டுவிடலாமா என்று கேட்டேன். தமாஷுக்குத்தான் கேட்டேன். பின்சீட்டில் ஆதிரை சிரிக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. குருபரன் வீட்டுக்குப் போனேன். விசுவுக்கும் தீபாவளிக்கும் வருடம் தவறாமல் பழத்தோடு போய்விட்டு வருகிறேன். அவனும் இங்கே வந்து வாசலோடு நின்று பழம் கொடுத்துவிட்டுப் போவான். எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

அவன் பெண்டாட்டி உலகம்மாள் பாயசம் கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் ஒவ்வொரு விசுவுக்கும் கொண்டுவருகிறாள். பிறகு சுண்டல் கொண்டுவந்தாள். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றேன். தண்ணீராவது என்றாள். வண்டியில் பாட்டில் இருக்கிறது என்றேன். குருபரன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் வீடு வந்து சேர்ந்து, காலையில் வெல்லப்பாகில் பிரட்டிச் செய்த மனோகரத்தில் மூன்று கை அள்ளித் தின்ற பிறகுதான் உயிர் வந்தது. டாக்டர் எப்போதோ ஒருமுறை பார்டர் என்று சொன்னார். பார்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் மனோகரம் தின்னலாம்.

பத்திரிகையை ஏன் கொண்டுபோகவில்லை என்று ஆதிரை பிடித்துக்கொண்டாள். விசு வேறு, பத்திரிகை வேறு, அதற்குத் தட்டு, வெற்றிலை, நேரம் என்று முறை இருக்கிறது என்றேன். அவள் அடுப்பாங்கரை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மாமாட்ட போன்ல பேசினேம்மா. அவுக என்ன சொன்னாவ தெரியுமா? 'ஒங்கம்மை வரட்டும், கூப்பிடுத மாதிரி வந்து கூப்பிடட்டும், நான் வந்து நிக்கேன். இல்லைன்னா ஊரோட ஒருத்தனா வந்து மொய் எழுதிட்டுப் போறேன்'ங்காவ. எனக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டுப் போறது மாமாதான். வேற யாரு கையையும் பிடிச்சு நான் வரமாட்டேன்."

கூப்பிடுகிற மாதிரி என்றால் எப்படியாம்? பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று. தட்டில் வைத்துக் கொடுக்கப்போகிறேன். இதற்கு மேல் மேளதாளமா வைக்கமுடியும்? இந்தக் காலத்தில் ஒருவரை அழைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே சில பேரைக் கடவுள் படைத்து முடுக்கில் குடிவைத்திருக்கிறார்.

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோனேன். வரி வரியாகப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பேனாவை நீட்டும்போது நயினார் ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டதும் அண்ணன் தன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடவேண்டும், அப்படியென்றால்தான் தான் போடுவேன் என்றார். சிதம்பரநாதன் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

"கையெழுத்துப் போடுதேன் மேடம். கை நனைக்க மாட்டேன்."

படி போயிற்று, சாக்கடை போயிற்று, பூட்டு போயிற்று, இனி என்னதான் வேண்டும் இவர்களுக்கு? தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனைத் தனியாக வைத்துப் பேசினேன். அரை மணி நேரம் சுற்றி வளைத்தார். கண்டக்டராகப் போன ரூட்டெல்லாம் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நயினார் தன் பாதி வீட்டை இடிச்சுக் கட்டிப் பால்காய்ப்பு வச்சான். மொதப் பந்தில உக்காந்தேன். எல போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பும் வச்சாச்சு. பின்னால வந்து தோளைத் தொட்டு, 'அண்ணே, சம்பந்தி வீட்டுக்காரவுக வந்துட்டாவ, அடுத்த பந்தில உக்காருதியளா'ன்னான். எந்திரிச்சேன். உப்பு வச்ச எலைல இருந்து எந்திரிச்சேன் மேடம். வெளிய வந்து செருப்பைத் தேடினேன். கண்ணு தெரியலை."

படி எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். அதற்கு அடுத்த மாதம் என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அடுக்களைக்குப் படி தேவைப்பட்டது என்றார். பாவம், உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வெளியில் இருந்து பார்க்கிற எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

நயினாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். பந்தி விஷயத்தை வெளியே சொல்ல அண்ணனிடம் அனுமதி வாங்கியிருந்தேன். நயினாருக்கு ஞாபகமே இல்லை. நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தார். அன்றைக்குச் சமையல்காரர் அரிசி போதாது என்று சொல்லிவிட்டாராம், அந்தப் பதற்றத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்க்கவே இல்லையாம். "சொந்த அண்ணன்தானே, எப்ப வேணாலும் சாப்பிடுவாவன்னு நெனச்சிருப்பேன் மேடம்" என்றார். பிறகு கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணனிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள் என்றேன். ஆறு வருடம் கழித்து என்ன சொல்ல என்று கேட்கிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்கு இந்த ஆண்களுக்கு என்ன கேடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு லாபம், என் பக்கத்துக்கு உதாரணம் கிடைத்துவிட்டது. பெயர், ஊர் எல்லாம் மாற்றி எழுத ஆரம்பித்தேன். முடுக்கில் படி, அது தகராறு. இலையிலிருந்து எழுந்தது, அது மற்றது. பனியும் பண்ணையும் ஒழிந்தன.

ஏப்ரல் 21, திங்கள்

கையெழுத்தாகிவிட்டது. சாப்பாட்டு நிபந்தனையை நயினார் தானாகவே விட்டுக்கொடுத்தார். இரண்டு பேரும் போட்டார்கள், நான் போட்டேன், ஜோசப் சார் முத்திரை குத்தினார். மாத அறிக்கையில் வெற்றி என்று ஏறும். அண்ணன் முன்வாசல் வழியாகப் போனார், தம்பி கேன்டீன் பக்கமாகப் போனார். இரண்டு பேரும் போகவேண்டியது ஒரே தெரு.

போகுமுன் சிதம்பரநாதன் திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மேடத்துக்குக் கூடப்பெறந்தவுக உண்டா?"

ஒரு தம்பி இருக்கிறான் என்றேன்.

"அவுக வீட்டுல சாப்பிடுவியளா?"

மணியாகிறது, அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த கேஸ் நாளைக்குத்தான். இந்த மாதிரித் தனிப்பட்ட கேள்விகளைத் தரப்பினர் சமரசரிடம் கேட்கக்கூடாது என்று கையேட்டில் ஒரு வரி சேர்க்கவேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆதிரை இன்று காலையில் நேரடியாகவே கேட்டாள், உனக்கும் மாமாவுக்கும் என்னம்மா தகராறு என்று. ஒரு தகராறும் இல்லை என்றேன். அது பச்சை உண்மை. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அப்பா காலமானபோது வீட்டில் எனக்கும் பாதி உண்டு. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று நானாகத்தான் சொன்னேன். அவனுக்குச் சொந்தமாக வேறு இடம் இல்லை. ஒரு ரூபாய் வாங்கவில்லை. விடுதலைப் பத்திரத்தில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான், முடிந்துபோன விஷயம்.

பத்திரத்தை எழுதியது மட்டும் வேறு வக்கீல். ஊரில் பாதிப் பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பவள் நான். குருபரன் அதைத் தூக்கிக்கொண்டு, பார் அசோசியேஷனில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிற ஆளிடம் போயிருக்கிறான். ரெஜிஸ்டர் ஆபீஸில் அந்த ஆள்தான் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "படிச்சுப் பாத்துக்கிடுங்க மேடம், எல்லாம் சரியா இருக்கும்" என்றார். என்னிடம்! படித்தேன். சர்வே எண் தப்பாக இருந்தது. திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் உலகு வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். எனக்கு அவசரமாக ஒரு வேலை வந்துவிட்டது.

எட்டு வருடம் ஆகிறது. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்று பத்தி. தகராறு தீர்ந்தாலும் மற்றது அப்படியே இருக்கலாம் என்று இரண்டாவது பத்தி. தகராறு என்று ஒன்று இல்லாமலேயே மற்றது மட்டும் இருக்கலாம் என்று மூன்றாவது. ஆங்கிலப் பக்கத்தில் மூன்றாவது கிடையாது. எழுதிக்கொண்டு வரும்போது கை தானாகப் போய்விட்டது, அடிக்க மனம் வரவில்லை.

ஜோசப் சார் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார். கடைசியில் அதைத் தீர்க்கும் வழி என்று இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். அப்படி ஒரு வழி தெரிந்தால் நான் ஏன் இந்த வெயிலில் மையத்துக்கு வருகிறேன் என்றேன். வார்த்தையைப் பகை என்றே விட்டுவிட்டார்.

சாயங்காலம் சிதம்பரநாதன் போன் செய்தார். படியை இடித்துத் திருப்பிக் கட்டியாயிற்றாம், நயினாரின் பைக் வழுக்கிக்கொண்டு போகிறதாம். சாப்பாடு என்னவாயிற்று என்று கேட்டேன். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டார். அவர் வீட்டுப் பக்கம் பஸ்ஸே வராது.

ஏப்ரல் 26, சனி

பயிற்சி. ஏசி வேலை செய்யவில்லை. என் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு இளம் வக்கீல் எழுந்து, "தகராறு முடிஞ்சா ஒப்பந்தத்துல கையெழுத்து இருக்கும் மேடம். பகை முடிஞ்சுட்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, இந்த மாதிரி ஆட்களால்தான் பயிற்சி நேரத்துக்கு முடிவதில்லை. டீக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பேசலாம் என்றேன். அப்புறம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் நாளைக்குப் பாளையங்கோட்டை போகலாம் என்றேன். இவர் போய்த் தாம்பாளத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் இவர் ஒரு பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் காபி குடிக்காமலே கிளம்பினேன். அங்கே போய்க் குடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன். உலகு கொண்டுவருவாள், சரி குடு என்று வாங்கிக்கொள்ளவேண்டியது, அவ்வளவுதான். காரில் போகும்போது தலை வலித்தது.

தட்டில் பத்திரிகை, வெற்றிலை, பழம், பூ. குருபரனும் உலகுவும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடவேண்டும் என்று முறைப்படி சொன்னேன். சரி என்றான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கோர்ட் சம்மனை ஆளிடம் சேர்க்கிற மாதிரி.

உலகு உள்ளே போனாள். டம்ளரும் டவராவுமாகத் திரும்பி வந்தாள். ஒரே ஒரு டம்ளர். "குடிங்க அண்ணாச்சி" என்று இவர் முன்னால் வைத்தாள். எனக்குக் கொண்டுவரவில்லை. வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. வீடு தேடி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட இல்லையா? அப்புறம் பார்த்தேன், அவள் முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. பதினைந்து நாளைக்கு முன்னால்கூடப் பாயசம், சுண்டல், தண்ணீர் என்று மூன்று தரம் கேட்டவள். எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். இனி கேட்கமாட்டாள். அது எனக்குத் திடீரென்று பயமாக இருந்தது. அவள் கேட்பதும் நான் வேண்டாம் என்பதும்தான் எங்களுக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சு.

இவர் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். குருபரன் பத்திரிகையில் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமினேன். கோர்ட்டில்கூட எனக்கு இப்படி வாய் ஒட்டியதில்லை.

"உலகு, எனக்கும் ஒரு காப்பி போடேன்."

குருபரனின் விரல் நின்றுவிட்டது. உலகு என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், "இந்தா வாரேன் மதினி" என்று உள்ளே ஓடினாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

காபி வந்தது. ஒரு மடக்குக் குடித்தேன். சீனி இல்லை. ஒரு பொடி சீனி இல்லை. எனக்குச் சர்க்கரை என்று சொன்னது நான்தான், இப்போது எந்த வாயால் கேட்பது? குடித்தேன். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கலந்த மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

குருபரன் எழுந்து அடுக்களைக்குப் போனான். சீனி டப்பாவையும் ஒரு ஸ்பூனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"போட்டுக்கோக்கா. ஒனக்குச் சீனியும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு அத்தான் எப்பவோ சொல்லிட்டாவ."

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவரை வீட்டில் போய்க் கவனித்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். கலக்கிக்கொண்டே, டம்ளரைப் பார்த்தபடியே கேட்டேன், ஏன்ல பத்திரத்துக்கு அந்த ஆளிடம் போனாய் என்று.

அவன் சீனி டப்பாவை இறுக்கி மூடினான்.

"நீயாத்தான் வீட்டை விட்டுக்குடுத்த. அதை ஒன் கையாலயே எழுதிக் குடுக்கான்னு நான் எப்பிடிக்கா கேக்க? வெக்கமா இருந்துச்சு. அதான் யாரோ ஒருத்தன்ட்ட போனேன்."

எட்டு வருடம். இந்த மூன்று வரியை எட்டு வருடம் இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறான், மடையன். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானே என்று தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழப் பிடிக்காமல், அந்த ஆள் போட்ட சர்வே எண் தப்பு என்றேன். தெரியும் என்றான். நான் அதைத் திருத்தியிராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் தொழுவம்தான் அவன் பெயருக்கு வந்திருக்குமாம். உலகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் கேட்டாள். திரும்பவும் கேட்டுவிட்டாள். "தோசை ஊத்தட்டா மதினி?"

கொல்லைக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். குருபரன் தோசையைத் தானே என் தட்டில் கொண்டுவந்து போட்டான். ஓரமெல்லாம் கருகியிருந்தது. கருகியிருக்கிறது என்று சொன்னேன். அது முறுவல் என்றான். முறுவலுக்கும் கருகலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும், அம்மா சுட்டதைத் தின்று வளர்ந்தவள் என்றேன். அப்படியானால் எழுந்துபோய் நீயே சுட்டுக்கொள் என்றான். எழுந்துபோய்ச் சுட்டேன். அவன் நாலு தின்றான், உப்புக் குறைவு என்று குறை சொல்லிக்கொண்டே. மணவறைக்கு மாலையை ரோஜாவில் கட்டுவதா சம்பங்கியில் கட்டுவதா என்று அடுத்த சண்டை ஆரம்பித்தது. மாலை வாங்குவது தாய்மாமன், அதில் நீ தலையிடாதே என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

திரும்பும்போது கார் முருகன்குறிச்சி தாண்டியதும் இவர் பயந்து பயந்து, மறுபடியும் அவனோடு என்ன என்று கேட்டார்.

தகராறுதான் என்றேன்.